வரைந்த விமானம் பறக்குமா?

தஞ்சாவூரில் "விமானம்" என்று சொன்னால் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பெரிய கோவிலில் கருவறைக்கு மேல் எழுந்து நிற்கும் கல் விமானம். கி.பி. 1010ல் ராஜராஜ சோழன் காலத்தில் முடிந்தது, சுமார் 216 அடி உயரம். இன்னொன்று, புதுக்கோட்டை சாலைப் பக்கம் உள்ள விமானப்படைத் தளத்திலிருந்து காதைப் பிளக்கும் சத்தத்துடன் கிளம்பும் சுகோய்-30. இந்தத் தளம் 2013ல் முறைப்படி திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று சுகோய் படைப்பிரிவு ஒன்று இங்கே அமைக்கப்பட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு விமானம் உண்டு. அது கதையில் வரும் விமானம். புராணத்தில் புஷ்பக விமானம், மாயாஜாலப் படத்தில் பறக்கும் கம்பளம், கார்ட்டூனில் சிறுமி ஏறிப் பறக்கும் வெள்ளை இறக்கை... பார்க்கும்போது எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். "இதை நிஜமாகவே செய்தால் என்ன?"

பெரும்பாலானவர்கள் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் படம் வரைகிறார்கள். வெகு சிலர் மட்டும் செய்து, அதன் மேல் ஏறியும் பார்க்கிறார்கள். வரைந்ததற்கும் பறந்ததற்கும் நடுவில் என்ன நடக்கிறது? சென்னை, ஓசூர், டெல்லி, ஜப்பான் என்று சில கதைகள் வழியாக அதைப் பார்ப்போம்.

களத்தில் ஒரு பாடம்

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம். டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நெல் அடித்த பிறகு களத்தில் முறத்தால் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறத்திலிருந்து எல்லாம் ஒரே உயரத்தில்தான் விழுகிறது. ஆனால் நெல் காலடியிலேயே குவிகிறது, பதர் தள்ளிப் போய் விழுகிறது. ஏன்? பதரும் கிட்டத்தட்ட நெல்லின் அளவுதான். எடைதான் இல்லை. அதன் பரப்பில் படும் காற்றுக்கு அந்தக் குறைந்த எடையைத் தூக்கிப் போவது சிரமமாக இல்லை.

விமானப் பொறியாளர்கள் போடும் முதல் கணக்கும் ஏறக்குறைய இதுதான். இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோ சுமக்கிறது? முழு எடையுடன் கிளம்பும் சுகோய்-30ல் அது 600 கிலோவைத் தாண்டும். அதாவது அது "நெல்" ரகம். வேகமாக ஓடினால்தான் காற்று அதைத் தாங்கும். அதற்குத்தான் அந்த ராட்சத இன்ஜின்கள். இன்ஜினே இல்லாமல் பறக்கும் கிளைடர் "பதர்" ரகம். எடை குறைவு, இறக்கை பெரிது, மெதுவாகப் போனாலும் போதும்.

இந்தக் கணக்கை உடம்பாலேயே போட்டுப் பார்த்தவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால். நாரைகள் பறப்பதை வருடக்கணக்கில் கவனித்து, 1889ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1891 முதல் தானே இறக்கை செய்து கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்தார். பக்கத்தில் வசதியான மேடு இல்லை என்று 1894ல் பெர்லின் அருகே சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி ஒரு குன்றையே உண்டாக்கினார்! அவருடைய பிரபலமான கிளைடருக்கு இறக்கைப் பரப்பு சுமார் 13 சதுர மீட்டர், எடை சுமார் 20 கிலோ. அவரையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு ஏழெட்டுக் கிலோ வரும். சுமார் 2000 முறை பறந்தார். அதிகபட்சம் போன தூரம் 250 மீட்டர்தான். 1896 ஆகஸ்டில் ஒரு பறத்தலில் காற்று மாறியது. கீழே விழுந்து மறுநாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 48.

அவர் விட்டுப்போன குறிப்புகளைப் படித்துத்தான் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் தொடங்கினார்கள். 1903ல் இன்ஜின் வைத்துப் பறப்பதற்கு முன்னால் அவர்களும் மூன்று வருடம் கிளைடர்தான் செய்து பழகினார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

வரைந்ததோடு நின்ற விமானம்

அதே காலகட்டத்தில் நம் பக்கத்திலும் ஒருவர் விமானங்களைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். ஓசூர் வட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்த பண்டிட் சுப்பராய சாஸ்திரி. "வைமானிக சாஸ்திரம்" என்ற சமஸ்கிருத நூலை 1918க்கும் 1923க்கும் இடையில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அது பரத்வாஜ முனிவர் அருளியது என்பது அவர் சொன்ன விளக்கம். எல்லப்பா என்ற வரைபடக் கலைஞர் அதற்குப் படங்கள் வரைந்தார். சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று நான்கு விமானங்கள். இதில் ருக்ம விமானத்தின் படத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காக மேலே குறுகிக்கொண்டே போகும். பார்த்தவுடன் கோவில் விமானம்தான் நினைவுக்கு வரும்.

1973ல் மைசூரில் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியானது. அடுத்த வருடமே, 1974ல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆராய்ச்சியாளர்கள் அந்த நூலை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். எச்.எஸ்.முகுந்தா அவர்களில் ஒருவர். அவர்கள் கேலி செய்து ஒதுக்கிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படங்களில் உள்ள அளவுகளை எடுத்து, எடை எவ்வளவு, தூக்கும் விசை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று எந்த விமானத்துக்கும் கேட்கும் கேள்விகளையே கேட்டார்கள். முடிவு: நான்கில் ஒன்றும் பறக்காது. நூலின் நடையையும் வரலாற்றையும் பார்த்து, இது 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த 102வது இந்திய அறிவியல் மாநாட்டில், பழங்கால இந்தியாவில் விமானங்கள் இருந்தன என்று இந்த நூலை ஆதாரம் காட்டி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. விஞ்ஞானிகள் பலர் கண்டனம் தெரிவித்தார்கள். பத்திரிகைகளில் பல நாள் இதே பேச்சு.

இதில் சுப்பராய சாஸ்திரியின் கற்பனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கற்பனை இல்லாமல் விமானமே வந்திருக்காது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 1923ல் படம் வரைந்து முடித்தார்கள். அதில் ஒன்றையாவது சிறியதாகச் செய்து மொட்டை மாடியிலிருந்து விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே விடை தெரிந்திருக்கும். முனிவர் சொன்னது என்று ஏற்றுக்கொண்ட பிறகு அதைத் திருத்த யாருக்குத் துணிவு வரும்? திருத்த முடியாத படம் எத்தனை வருடம் ஆனாலும் படமாகவே இருக்கும்.

சென்னையில் ஒரு ஓட்டல்காரர்

சரி, நம் ஊரில் யாருமே செய்து பார்க்கவில்லையா? பார்த்தார்கள். அதுவும் எல்லப்பா படம் வரைவதற்குப் பல வருடங்கள் முன்பே!

1909 ஜூலை 25 அன்று பிரான்சைச் சேர்ந்த லூயி பிளேரியோ தன் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவரையும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அவர் கார்சிகா தீவைச் சேர்ந்தவர். பொறியாளர் அல்ல, விருந்து சமைத்துப் பரிமாறும் தொழில்.

அவர் தானே ஒரு இரட்டை இறக்கை விமானத்தை வடிவமைத்தார். அதைச் செய்து கொடுக்கும் வேலை சிம்ப்சன் கம்பெனிக்குப் போனது. சிம்ப்சன் அப்போது கோச்சு வண்டிகள் கட்டுவதில் பேர்பெற்ற நிறுவனம். யோசித்துப் பார்த்தால் இது மிகப் பொருத்தமான தேர்வு. லேசான மரச்சட்டம், இறுக்கமான இணைப்பு, மேலே இழுத்துக் கட்டிய துணி... அன்றைய விமானத்துக்குத் தேவையான கைவேலை எல்லாம் வண்டிப் பட்டறையிலேயே இருந்தது. அதில் ஒரு சிறிய இன்ஜினைப் பொருத்தினார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். நேராகக் கூட்டத்தைக் கூட்டவில்லை. முதலில் ஊருக்கு வெளியே பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் பறந்து காட்டினார். இது 1910 மார்ச் மாதம். இந்தியாவில் முதல் விமானப் பறத்தல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் அலகாபாத் நிகழ்ச்சிகள் 1910 டிசம்பரிலும் 1911 பிப்ரவரியிலும்தான் நடந்தன. பெரிய கோவில் விமானம் முடிந்து சரியாக 900 வருடம் கழித்து, தமிழ்நாட்டில் இன்னொரு வகை விமானம் எழும்பியிருக்கிறது. ஆனால் டி ஏஞ்சலிஸ் பெயரை எத்தனை பாடப்புத்தகத்தில் பார்க்க முடிகிறது?

நட்சத்திரப் பெயர் வைத்த கிளைடர்கள்

டி ஏஞ்சலிஸ் வெளிநாட்டுக்காரர், இன்ஜினும் வைத்திருந்தார். இன்ஜின் இல்லாத கிளைடரை இந்தியர்கள் வடிவமைத்த கதையும் உண்டு. அது டெல்லியில், சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் நடந்தது. அங்கே எஸ்.ராமாமிர்தம் என்ற பொறியாளரின் பொறுப்பில் 1950களின் இறுதி முதல் வரிசையாகக் கிளைடர்கள் உருவாயின.

அவற்றின் பெயர்களைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே புரிந்துவிடும். அஸ்வினி, ரோகிணி, கார்த்திக், மிருகசீர், ஆர்த்ரா... பஞ்சாங்கத்தில் அசுவினியில் தொடங்கித் திருவாதிரை வரை வரும் நட்சத்திரங்கள்! (ஆர்த்ரா என்பது நம் திருவாதிரைதான்.)

இவற்றில் ரோகிணி 1961ல் முதலில் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பயிற்சிக் கிளைடர். 100க்கும் மேல் தயாரித்தார்கள். கார்த்திக் 1963ல் பறந்தது, இது ஒருவர் மட்டும் பறக்கும் ரகம். பழம்பெருமைக்கு நட்சத்திரப் பெயர், பறப்பதற்குப் புதுக் கணக்கு. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் வைத்திருந்தார்கள். பாரம்பரியத்தின் மேல் பற்று வைப்பதற்கு இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

கார்ட்டூனிலிருந்து இறங்கிய இறக்கை

இனி ஜப்பானுக்குப் போவோம். கதையில் வரும் விமானத்தை அப்படியே நிஜத்தில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு நேரடியான பதில் அங்கேதான் கிடைக்கிறது.

1984 மார்ச்சில் ஹயாவோ மியசாக்கி இயக்கிய "காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா" என்ற அனிமேஷன் படம் வெளிவந்தது. 1982 முதல் அவரே வரைந்து வந்த சித்திரக்கதைதான் மூலம். அதில் நௌசிகா என்ற இளவரசி "மேவே" என்ற வெள்ளை இறக்கையில் பறப்பாள். ஜெர்மன் மொழியில் அதற்குக் கடற்காகம் என்று பொருள். வால் கிடையாது, கூண்டு கிடையாது, இருக்கை கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே படுத்துப் பறப்பாள், சில சமயம் எழுந்தே நிற்பாள்.

மியசாக்கிக்கு விமானப் பைத்தியம் சும்மா வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அவர் குடும்ப நிறுவனம் ஜப்பானின் ஜீரோ போர் விமானங்களுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்தது. 1985ல் தொடங்கிய ஸ்டுடியோ கிப்லியின் பெயர்கூட ஒரு இத்தாலிய விமானத்தின் பெயர்தான்.

இந்த மேவேயை நிஜமாக்கக் கிளம்பியவர் கசுஹிகோ ஹச்சியா. 1966ல் பிறந்தவர், ஊடகக் கலைஞர். 1997ல் வெளியான "போஸ்ட்பெட்" என்ற மின்னஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர். அதில் ஒரு இளஞ்சிவப்புக் கரடி பொம்மை கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும். கரடி பொம்மைக்காரர் விமானம் செய்யப் போகிறார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் 2003ல் "ஓப்பன்ஸ்கை" என்ற பெயரில் வேலையைத் தொடங்கிவிட்டார்.

அவர் முதலில் செய்த புத்திசாலித்தனமான காரியம், விமானம் தெரிந்தவர்களைத் தேடிப் போனது. ஒலிம்போஸ் என்ற சிறிய விமான வடிவமைப்பு நிறுவனத்துடன் சேர்ந்தார். அங்கேதான் பிரச்சினைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

வால் இல்லாததே முதல் பிரச்சினை. சாதாரண விமானத்தில் மூக்கு மேலே கீழே ஆடினால் வால்தான் அதைச் சமன் செய்யும். பட்டத்துக்கு வால் கட்டாமல் விட்டால் எப்படிக் குட்டிக்கரணம் அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வால் இல்லை என்றால் அந்த வேலையை இறக்கையே செய்ய வேண்டும். இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து, நுனியில் லேசாக முறுக்கு வைக்க வேண்டும். ஜெர்மனியில் ஹோர்ட்டன் சகோதரர்கள் 1930களிலேயே இப்படி வாலில்லாக் கிளைடர்கள் செய்து பறந்து காட்டியிருந்ததால், இது முடியாத காரியம் இல்லை என்பது தெரிந்திருந்தது.

இரண்டாவது, எடை. படத்தில் வரைந்த சிறுமிக்கு எடையே கிடையாது. நிஜ மனிதருக்கு உண்டு. அதனால் நிஜ விமானத்தின் இறக்கை 9.6 மீட்டர் அகலத்துக்கு விரிந்தது. களத்தில் பார்த்த அதே பதர்க் கணக்குதான். மூன்றாவது, எழுந்து நிற்பதெல்லாம் நடக்காது. ஓட்டுபவர் குப்புறப் படுத்துத்தான் ஆக வேண்டும்.

ஹச்சியா இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பாதி அளவில் ஒரு மாதிரி செய்து பார்த்தார்கள். பிறகு எம்-02 என்ற முழு அளவுக் கிளைடர். இன்ஜின் இல்லை. ரப்பர் கயிற்றை ஆட்கள் சேர்ந்து இழுத்து விட, அது தரையிலிருந்து கொஞ்சம் எழும்பிச் சறுக்கி இறங்கும். 2006ல் இந்தச் சோதனைகள் நடந்தன. பார்ப்பதற்குப் பெரிய சாகசம் மாதிரி இருக்காது. ஆனால் ஒவ்வொரு சின்னத் தாவலிலும் இறக்கை எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு விஷயம் தெரிந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டு மேலே படுத்தவரும் ஹச்சியாவேதான்.

இதற்கெல்லாம் பிறகுதான் சிறிய ஜெட் இன்ஜின் பொருத்திய எம்-02ஜே வந்தது. 2013ல் குட்டித் தாவல்கள். 2016 ஜூலை 31 அன்று ஹொக்கைடோவில் உள்ள தக்கிகாவாவில் பொதுமக்கள் முன்னிலையில் பறந்தார். அதற்குள் 13 வருடம் ஓடிவிட்டது, அவருக்கு வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது! 2023ல் அமெரிக்காவின் ஓஷ்காஷ் நகரில் நடக்கும் புகழ்பெற்ற விமானத் திருவிழாவிலும் அந்த வெள்ளை இறக்கை பறந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இதற்கும் மியசாக்கிக்கும் ஸ்டுடியோ கிப்லிக்கும் சம்பந்தமில்லை என்று ஹச்சியா வெளிப்படையாகவே அறிவித்தார். விமானத்துக்கு "மேவே" என்று பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்தான். கனவு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் இல்லை, அந்தப் பெயரை வைத்து வியாபாரம் செய்யவும் இல்லை.

கணக்குப் பார்த்தால்...

வைமானிக சாஸ்திரத்தின் படங்களையும் மியசாக்கியின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே கற்பனை. இரண்டையுமே வரைந்தபடி செய்தால் பறக்காது. ஒன்றைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறோம், இன்னொன்று ஆளைச் சுமந்துகொண்டு பறந்துவிட்டது. வித்தியாசம் படத்தில் இல்லை. "இது ஏற்கெனவே உண்மை" என்று நம்பியவர்கள் சோதிக்கவில்லை. "இது வெறும் கதைதான்" என்று தெரிந்து தொடங்கியவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார், தேவைப்பட்ட இடத்தில் மாற்றினார்.

பெருமைப்படுவதற்கு நம்மிடம் ஆள் இல்லாமலும் இல்லை. வண்டிப் பட்டறையில் விமானம் கட்டிய சென்னை இருக்கிறது. நூற்றுக்கு மேல் மேலேறிய ரோகிணி இருக்கிறது. அவ்வளவு ஏன், தஞ்சைக் கல் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குக்கு அடுக்கு எடையைக் குறைத்து, அந்த உயரத்துக்குக் கல்லை ஏற்றி ஆயிரம் வருடம் நிற்க வைத்தவர்கள் கணக்குப் போடாமலா கட்டினார்கள்? அந்தக் கணக்கில் தவறு இருந்திருந்தால் எந்த முனிவர் பெயரும் அதைத் தாங்கிப் பிடித்திருக்காது.

இதைப் படித்துவிட்டு யாராவது உடனே மூங்கிலும் தார்ப்பாயும் வாங்கி மொட்டை மாடியில் ஏற வேண்டாம். லிலியந்தால் கதையின் முடிவு நினைவிருக்கட்டும். விமானப்படைத் தளம் உள்ள ஊரில் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடவும் முடியாது. ஆனால் காகிதத்திலோ தெர்மோகோலிலோ ஒரு சின்னக் கிளைடர் செய்ய யாரும் தடை சொல்லப் போவதில்லை. அறுவடை முடிந்த வயலில் நின்று விட்டுப் பாருங்கள். மூக்குக் குத்தி விழுந்தால் எடையை மாற்றுங்கள், திரும்பவும் விடுங்கள். ராமாமிர்தத்தின் கிளைடர்களும் ஹச்சியாவின் இறக்கையும் இப்படி விழுந்து எழுந்துதான் வந்திருக்கின்றன. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் ஆட்கள் சொன்னது நெல்லுக்கு மட்டும்தானா என்ன!